ரெண்டுல எது சரிங்க?

இனிமேல் வீட்டில் "சரி" என்றும் சொல்வதில்லை, "முடியாது" என்றும் சொல்வதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தேன்.

பெரிய முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்க அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. அறிவித்திருந்தால் என் மனைவி, "முதல்ல எதைச் சொல்லாம இருக்கப் போறீங்க? சரியா, முடியாதா?" என்று கேட்டிருப்பாள். நானும் நின்று யோசித்திருப்பேன். அதுதான் என் கஷ்டம். உங்களுக்குப் போகப் போகப் புரியும்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பதில் பிரிவில் வேலை பார்க்கிறேன். லிஃப்டைப் பராமரிப்பது மற்றவர்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் மனத்தைப் பராமரிப்பது நான். அவர்கள் ஆங்கிலத்தில் கோபமாக எழுதுவார்கள். நான் ஆங்கிலத்தில் பணிவாகப் பதில் எழுத வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆகவே ஆங்கிலம் எனக்குத் தாய்மொழியும் இல்லை, தந்தைமொழியும் இல்லை. மாமியார் மொழி. எப்போது எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளி நின்று, கைகட்டித்தான் பழகுவேன். ஒரு வாக்கியம் எழுதி முடித்தால், வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவனைப்போல, அதை இழுத்து இழுத்துப் பார்ப்பேன்.

இந்தப் பயமே எனக்குத் தொழிலாகிவிட்டது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஆங்கிலத் தொடர்களுக்கு நடுவே உள்ள மயிரிழை வித்தியாசம் எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் "வி ரிக்ரெட்" என்று எழுதலாம். "வி அபாலஜைஸ்" என்று எழுதக்கூடாது. முதலாவது வெறும் வருத்தம். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட வருந்தலாம். இரண்டாவது, தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வக்கீல் வந்துவிடுவார். "வி ஆர் லுக்கிங் இன்டு இட்" என்றால் இன்னும் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை என்று அர்த்தம். "வி ஆர் அட்டெண்டிங் டு இட்" என்றால் ஒருவர் எழுந்துவிட்டார், ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குள்ளிருந்தே மெயில் போட்டார். மெக்கானிக் "ஷார்ட்லி" வருவார் என்று எழுதுவதா, "சூன்" வருவார் என்று எழுதுவதா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஷார்ட்லி"யில் ஓர் ஓட்டம் இருக்கிறது. "சூன்" கொஞ்சம் சாவகாசமானது. எங்கள் மெக்கானிக்கோ ரொம்பச் சாவகாசமானவர். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நான் நன்றாக யோசித்து "சூன்" என்று எழுதி அனுப்பியபோது, பல் டாக்டர் வெளியே வந்து, வீட்டுக்குப் போய், குளித்து, உடை மாற்றி, எங்கள் மேனேஜரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஒரு வியாதி இருக்குப்பா" என்றார். "ரெண்டு வார்த்தையை உன் முன்னால வச்சாப் போதும். வீடு பத்தி எரிஞ்சாலும் தெரியாது. எது நல்ல வார்த்தைன்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்ப."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். நான் அவளை முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். மழைக்கு ஒதுங்கினேன். வாங்கும் உத்தேசம் துளியும் கிடையாது. காலில் இருந்ததே புதுச் செருப்பு.

"வாங்க சார். கறுப்புல பார்க்கறீங்களா, பிரவுன்ல பார்க்கறீங்களா?" என்றாள்.

கறுப்பு எல்லா உடைக்கும் பொருந்தும். ஆனால் பிரவுனில் அழுக்கு தெரியாது. "பிரவுன்" என்றேன். "லேஸ் வச்சதா, வைக்காததா?" என்றாள். அதையும் யோசித்தேன். மழை விட்டபோது இரண்டு ஜோடி ஷூவோடு வெளியே வந்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவளே அந்தத் தொழில் ரகசியத்தைச் சொன்னாள்.

"சேர்ந்த அன்னைக்கே முதலாளி சொல்லிக்கொடுத்தது இது ஒண்ணுதாங்க. கடைக்குள்ள வந்தவங்ககிட்ட வேணுமா, வேண்டாமான்னு கேட்கக்கூடாது. கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இதுவா, அதுவான்னுதான் கேட்கணும்."

"அய்யோ பாவம்! அதுக்கெல்லாமா ஏமாறுவாங்க?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவளும் சிரித்தாள்.

எங்கள் வாடகை வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. இவற்றைத் தவிர ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், முக்கியமாக ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

நான் வளர்ந்த வீட்டில் கதவு என்று இருந்தது ஒன்றுதான். அது வாசலுக்கு. உள்ளே ஏழு பேர். நான் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், பக்கவாட்டில் நின்றபடி. யாராவது பீரோவைத் திறக்க வேண்டுமானால் நான் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். அதனால் ஓர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது எனக்கு, வாங்கிய பட்டத்தைவிடப் பெரிய பட்டம். நாளெல்லாம் மாட்டிக்கொண்டவர்களின் புலம்பலைப் படித்துவிட்டு, மாலையில் வந்து நானாகவே ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்வேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற மணி நேரங்களையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

"உள்ள என்னங்க பண்றீங்க?" என்று அவள் வெளியிலிருந்து கேட்பாள்.

"ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு ஒரு ரூமா?"

"அதுக்குத்தாம்மா ரூம் வேணும். மத்ததெல்லாம் ஹால்லயே பண்ணிடலாம்."

நான் மேலே சொன்ன முடிவை எடுத்த அன்றே அந்த அறைக்குச் சோதனை வந்தது. நான் வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நின்றாள்.

"அண்ணனுக்கு இந்த ஊர்லயே வேலை கிடைச்சிருக்குங்க!"

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். மனப்பூர்வமாகத்தான்.

"நம்ம தெரு முனையில இருக்கிற ஸ்கூல்லதான். டிரில் மாஸ்டரா."

சந்தோஷம் ஒரு படி இறங்கியது.

"எங்க தங்கப் போறாராம்?"

அவள் சின்ன அறையின் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கதவு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

என் மச்சான் நல்லவர். இதை நான் பயந்துகொண்டு சொல்லவில்லை. அப்பா போன பிறகு தங்கையைத் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "பையன் பயந்தவன்தான், ஆனா யோக்கியன்" என்று எனக்காக வாதாடியவர். வாதத்தின் முதல் பாதி இல்லாமலும் அவர் ஜெயித்திருக்கலாம். பரவாயில்லை.

ஆனால் அவரிடம் ஒரு விசில் இருக்கிறது.

போனமுறை இரண்டு நாள் தங்க வந்தார். விடியற்காலையில், நான் நல்ல தூக்கத்தில் இருக்கையில், ஹாலில் நின்று அதை ஊதினார். கீழ் வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து, மனைவியை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அந்த வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை சரியாகவில்லை.

"மாப்பிள்ளை, குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க! முட்டி மடங்கக்கூடாது!" என்றார் மச்சான்.

குனிந்தேன். பாதி வழியில் இடுப்பு வேலைநிறுத்தம் அறிவித்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அந்த நிலையிலேயே அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் நான் பணிவாக வணங்குவதாக நினைத்து, உட்காரச் சொன்னார். உட்காரவும் முடியவில்லை.

இரண்டு நாளுக்கே இப்படி. இப்போது வேலையே இங்கே. ஓய்வு பெறும் வயதும் அவருக்கு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது, ஆங்கிலத்தில். ஆசிரியர் விடுதியில் ஒரே ஓர் அறைதான் காலியாக இருக்கிறதாம். உள்ளூரில் உறவினர் வீடு இல்லாதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்களாம். புதிய டிரில் மாஸ்டர், உறவினர் என்று என்னைக் காட்டியிருக்கிறார். அவர் உங்கள் வீட்டில் தங்குவாரா என்று தெரிவிக்கவும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் வராவிட்டால் அந்த அறை அவருக்கே ஒதுக்கப்படும்.

கடைசி வாக்கியத்தை மறுபடி மறுபடி படித்தேன். எவ்வளவு அழகான வாக்கியம்! நான் பொய் சொல்ல வேண்டாம். மறுக்க வேண்டாம். யாருடைய மனமும் நோக வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை வரை சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அது கைவந்த கலை. சம்பளம் வாங்கிக்கொண்டே செய்வதை இங்கே சும்மா செய்யப் போகிறேன்.

"பதில் போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"போட்டுக்கிட்டே இருக்கேன்."

"வரட்டும்னு ஒரு வார்த்தை எழுதறதுக்கு எவ்வளவு நேரங்க?"

"ஸ்கூல் இல்லையா? கண்டபடி எழுதிட முடியுமா? நாளைக்கு அண்ணனுக்குத்தானே கெட்ட பேரு."

"இடமில்லை" என்று எழுத என் மனச்சாட்சி விடாது. இடம் இருக்கிறது. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நல்ல மனிதரை வரவேண்டாம் என்று சொல்ல, தமிழில் எனக்கு ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது. பார்த்தால் வரவேற்பு மாதிரியே இருக்கும்.

"வி ஆர் ஹாப்பி டு ஹாவ் ஹிம்" என்றால் சந்தோஷம், வரட்டும், கதவு திறந்திருக்கிறது. "வி வுட் பி ஹாப்பி டு ஹாவ் ஹிம்" என்றாலும் சந்தோஷம்தான். ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. அந்த "வுட்"டுக்குப் பின்னால் ஓர் "ஆனால்" ஒளிந்துகொண்டிருக்கிறது. வுட் என்றால் மரக்கதவு என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

செவ்வாய்க்கிழமை இதை எழுதி அவளிடம் காட்டினேன்.

"இதுல என்ன சொல்லியிருக்கீங்க?" என்றாள்.

"சந்தோஷப்படுவோம்னு சொல்லியிருக்கேன்."

"எப்பப் படுவோம்?"

"அது... சூழ்நிலை அமைஞ்சா."

"என்ன சூழ்நிலை?"

"அதைச் சொல்லாம விடறதுக்குப் பேருதாம்மா இங்கிலீஷ்."

அவள் "அனுப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "இன்னும் மெருகு ஏத்தணும்" என்றேன்.

புதன்கிழமை மெருகு ஏற்றினேன். "வி ஹாவ் நோ அப்ஜெக்‌ஷன் இன் பிரின்சிபிள்." கொள்கை அளவில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கட்டில் அளவில்தான் இருக்கிறது. எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது. அலுவலகத்தில் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், ஒரு சந்தேகம். 'இன் பிரின்சிபிள்'னு போடறது நல்லதா, 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி'ன்னு போடறது நல்லதா?"

"எந்த பில்டிங் லிஃப்ட்?"

"லிஃப்ட் இல்ல சார். மச்சான்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஆபீஸ் இங்கிலீஷை ஆபீஸ்லயே வச்சுப் பூட்டிட்டுப் போப்பா. நான் ஒருதடவை வீட்ல, என் சம்சாரம் ஏதோ சொன்னப்ப, வாய் தவறி 'நோட்டட்'னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு வாரம் நான் பசிக்குதுன்னு சொன்னப்பல்லாம் அவ 'நோட்டட்'னு சொன்னா."

நான் அவருக்காக வருந்தினேன். வெறும் ரிக்ரெட்தான்.

வியாழக்கிழமை மாலை என் மனைவி கடையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, சின்ன அறையின் வாசலில் சாய்ந்து நின்றாள். களைத்திருந்தாள். நாளெல்லாம் பிறர் காலடியில் உட்கார்ந்து எழுந்தவள்.

"அண்ணனுக்குத் தனியா இருந்தா ஒழுங்காச் சாப்பிடத் தெரியாதுங்க" என்றாள். "ஊருக்கெல்லாம் உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுவாரு. தனக்குன்னு வந்தா பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துடுவாரு."

"விடுதியில சாப்பாடு கொடுப்பாங்களேம்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். விடுதி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. கடைக்குள் யாராவது நுழைந்தால் அவள் முதலில் அவர் காலைப் பார்ப்பாள். அளவுகோல் வைக்காமலே என்ன அளவு என்று தெரிந்துகொள்வாள். அப்படி என்னை ஒருதடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு, "சரி, நீங்க மெதுவா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வார்த்தையில் வரும் சந்தேகம் எனக்கு வாழ்க்கையில் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அரைமணி முன்னதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்தேன். சின்ன அறைக்குள் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். நாற்காலியில் சாய்ந்தேன். ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. என் மேஜை. என் வெயில். ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் நிம்மதியாக இருந்த பத்து நிமிடம் அதுதான்.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, டீ போடவா, காபி போடவா?"

அவளும் சீக்கிரமே வந்துவிட்டாள்போலிருக்கிறது. நான் அலுவலகத்தில் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் டீ குடித்த வாய்க்கு மறுபடி டீ சரிப்படாது.

"காபி" என்றேன்.

காபியோடு வந்தாள். கதவைத் திறந்தேன். இன்னொரு கையில் போன் இருந்தது.

"ஒரு சின்ன சந்தேகங்க" என்றாள். "உங்களுக்கும் ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. அதான் அந்த மெயிலை நானே அடிச்சுப் பார்த்தேன். ஆனா ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்."

மாட்டிக்கிட்டேன்! அந்த வார்த்தைக்கு ஓடி வருவதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

"எங்க மாட்டிக்கிட்ட? காட்டு."

"'ஹி வில் ஸ்டே வித் அஸ்'னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் 'ஃபார் தி டைம் பீயிங்'னு போடறதா, 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்'னு போடறதா? ரெண்டும் ஒண்ணுதானே? எங்க கேஷியர் அக்கா 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்'தான் கம்பீரமா இருக்குங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேஷியர்! பில் போடுகிறவர் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதா?

"கம்பீரமா இருந்தாப் போதுமா? அர்த்தம் வேண்டாமா? 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்'னா மறு அறிவிப்பு வர்ற வரைக்கும். அந்த அறிவிப்பை யார் கொடுக்கணும்?"

"யாருங்க?"

"நாம கொடுக்கணும்! கொடுக்கற வரைக்கும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். நாங்க லிஃப்ட் கதவுல 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்'னு அட்டை மாட்டினா, அந்த அட்டையே பழுப்பாகி உதிர்ந்து விழும். லிஃப்ட் ஓடாது."

"அய்யய்யோ! அப்ப அது வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். 'ஃபார் தி டைம் பீயிங்' அப்படி இல்லை. அதுலயே இப்போதைக்குங்கற வாசனை இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தானா முடிஞ்சுடும்."

"அட! நான் ரெண்டும் ஒண்ணுன்னுல்ல நினைச்சேன்!"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க" என்றேன். காபியை ஒரு வாய் குடித்தேன். அருமையாக இருந்தது.

"அப்ப இதையும் சொல்லிடுங்க. 'வில் ஸ்டே'ன்னு இருக்கலாமா, 'வில் பி ஸ்டேயிங்'னு மாத்தணுமா?"

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். நல்ல கேள்வி. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் தரமான கேள்வி.

"'வில் ஸ்டே'ல ஒரு முறுக்கு இருக்கு. தங்குவான், நீ யாருடா கேட்கறதுங்கற மாதிரி. 'வில் பி ஸ்டேயிங்'னா மிருதுவா இருக்கும். ஏற்கனவே எல்லாம் ஏற்பாடாகிட்ட மாதிரி இயல்பா இருக்கும்."

"ஏற்பாடாகிட்ட மாதிரியா? அப்ப அதுதாங்க நல்லது."

"அதுதான் நல்லது."

"கடைசியில 'தேங்க்ஸ்'ஸா, 'தேங்க் யூ'வா?"

"ஸ்கூல்மா! 'தேங்க் யூ'."

"நான் அடிச்சா தப்புத் தப்பா வருதுங்க. நீங்களே அடிச்சுடறீங்களா?"

போன் என் கைக்கு வந்தது. அடித்தேன். ஒரு கமாவை எடுத்தேன். கொஞ்சம் யோசித்து மறுபடி போட்டேன். உரக்கப் படித்தேன். காதுக்குத் தேனாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறாகப் போகிறது.

"'சென்ட்'டை நான் அழுத்தட்டுமா, நீங்களே அழுத்தறீங்களா?" என்றாள்.

"நானே அழுத்தறேன்" என்றேன். ஓவியம் வரைந்தவன் கீழே கையெழுத்தை இன்னொருவரைப் போடவிடுவானா?

அழுத்தினேன். 'சொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அண்ணே! உங்க மாப்பிள்ளையே கைப்பட எழுதி அனுப்பிட்டாரு... ஆமாண்ணே, இப்பத்தான்... ரொம்ப ஆசையா, ஒவ்வொரு வார்த்தையாப் பார்த்துப் பார்த்து எழுதினாரு... சேச்சே, நான் ஒண்ணுமே சொல்லலைண்ணே. ரெண்டு மூணு சந்தேகம் கேட்டேன், அவ்வளவுதான்."

என் முகத்தில் இருந்த சிரிப்பு மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது.

"ஏம்மா" என்றேன் அவள் திரும்பி வந்ததும். "நான் இப்ப அனுப்பினது..."

"நல்லா இருந்ததுங்க."

"அதுல அவர் நம்ம வீட்ல தங்கப் போறார்னு இல்ல இருக்கு?"

"'வில் பி ஸ்டேயிங்'. நீங்கதானே சொன்னீங்க, மிருதுவா இருக்கும்னு."

"நான் வார்த்தையைத்தானே பார்த்தேன்!"

"நான் அண்ணனைப் பார்த்தேன்" என்றாள்.

நான் கடைசிப் பிடியைப் பிடித்தேன். "அதுல 'ஃபார் தி டைம் பீயிங்'னு போட்டிருக்கேன். ஞாபகம் வச்சுக்க. தற்காலிகம்தான்."

"ஆமாங்க. தானா முடிஞ்சுடும்னு சொன்னீங்களே. யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து உடனே பதில் வந்தது. "நோட்டட் வித் தேங்க்ஸ்." விடுதி அறையை அன்றே பாட்டு ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெறும் "நோட்டட்"டுக்கும் "நோட்டட் வித் தேங்க்ஸ்"க்கும் வித்தியாசம் இருக்கிறது. அறை கொடுக்க வேண்டியிருந்தால் வெறும் நோட்டட். அறை மிச்சமானால்தான் தேங்க்ஸ்.

நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயில் மேஜையை விட்டு இறங்கிவிட்டிருந்தது. பிரவுனா கறுப்பா என்று அவள் கேட்ட அந்த மழைநாள் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே இன்னொன்றும். "கல்யாணத்தை ஊரைக் கூட்டிப் பண்ணிக்கலாமா, சிம்பிளாப் பண்ணிக்கலாமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். நான் பல நாள் யோசித்து, இரண்டின் சாதக பாதகங்களையும் எடைபோட்டு, "சிம்பிளா" என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமான முடிவு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று யாரும் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்காக நான் ரிக்ரெட் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிக் கேட்டிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்காது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

கதவருகில் அவள் வந்து நின்றாள்.

"என்னங்க, அண்ணனுக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, கதவுப் பக்கம் போடலாமா?"

நான் உஷாரானேன். தெரிந்துவிட்டது எனக்கு. இது கறுப்பு, பிரவுன். பதில் சொல்லக்கூடாது. சரி என்றும் கிடையாது, முடியாது என்றும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை. செருப்பைக் காலில் போட்டு நடந்து பார்க்கிறவருக்காகக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"கதவுப் பக்கம் போட்டா கதவு முழுசாத் திறக்காது" என்று யாரோ சொன்னார்கள்.

நான்தான்.

"அதானே! இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. அப்ப ஜன்னல் பக்கம். உங்க மேஜையைச் சமையலறையில போடட்டுமா, பால்கனியில போடட்டுமா?"

சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. பால்கனியில் நல்ல காற்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இதை நான் பால்கனியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலைக்கு மேலே மச்சானின் விளையாட்டு உடைகள் வரிசையாக, முட்டி மடங்காமல் தொங்குகின்றன. அவர் வந்து வெகு காலமாகிவிட்டது. டைம் இன்னும் பீயிங்காகவே இருக்கிறது. சின்ன அறையில் அவர் பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கொண்டு ஏதோ தூக்குகிறார். அறையின் தாழ்ப்பாளை அவர் போடுவதே இல்லை. இங்கே மழை தூற ஆரம்பித்துவிட்டது. காகிதம் நனைகிறது. எழுந்து உள்ளே போகலாம் என்று நினைக்கும்போது, என் மனைவி பால்கனிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்னங்க, நனையறீங்களே. கறுப்புக் குடை வேணுமா, நீலக் குடை வேணுமா?"

நன்றாக யோசித்து, கறுப்பு என்றேன். அதில்தான் அழுக்கு தெரியாது.